பொங்கினால் நிறைந்ததா

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்த ஐஸ் கம்பெனியில் பொங்கல் தை மாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. தினமும் பொங்கியது. பானையில் அல்ல, பேட்டரியில்.

முதலாளி பழனியப்பன் சிங்கப்பூரிலிருந்து ஒரு மின்சார லோரியை வாங்கி வந்திருந்தார். பெட்ரோல் வேண்டாம், புகை இல்லை, உறுமல் இல்லை. அடிவயிற்றில் ஒரு மரப்பெட்டி, அது நிறையப் பேட்டரி. வெள்ளைக்காரத் துவான்மார் பங்களாக்களுக்கு விடிகாலையில் ஐஸ் இறக்கும்போது அவர்களுடைய தூக்கம் கெடக் கூடாது என்பதற்காகவே வாங்கியது. அதற்குக் கரண்டு ஏற்ற ஆலையின் பின்கட்டில் ஓர் அறை கட்டினார். அறையில் ஒரு டைனமோ, சுவரில் ஒரு கருங்கல் பலகை, பலகையில் எவ்வளவு கரண்டு போகிறது என்று காட்டும் முள், முள்ளுக்குக் கீழே அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கைப்பிடி.

ஏற்றி முடியும் தறுவாயில் பேட்டரிக்குள் இருக்கும் அமிலத் தண்ணீர் குமிழ் குமிழாகக் கிளம்பும். அதை முதன்முதலில் பார்த்த எவனோ ஒருவன் "பொங்கிருச்சு" என்று சொல்லிவைத்தான். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. பொங்குவது நல்ல சகுனம். பொங்கினால் நிறைந்தது. இதற்கு மேல் யாரும் அங்கே யோசிக்கவில்லை. அறைக்கே பொங்கல் ரூம் என்று பெயர் வந்துவிட்டது.

அந்த லோரியை ஓட்டியவர் நாகையா. சும்மா இருக்க மாட்டாமல் யோசிக்கிற வியாதி அவருடைய மகள் இராஜம்மாவுக்குத்தான் இருந்தது. ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தார் அனுப்பி மதராஸுக்குக் கப்பலேறிப் போய், பௌதிகத்தில் பி.ஏ. வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தாள். அவள் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாரும் பெருவிரலைத் தவிர வேறெதையும் காகிதத்தில் வைத்தது கிடையாது. அப்படிப்பட்ட பட்டத்துக்கு லயம் கொடுத்த மரியாதை, குழாயடியில் அவள் தலை தெரிந்ததும் "பீயே வருது, வழி விடுங்கடி" என்ற கிண்டல். வேலை கேட்டுப் போன இடங்களிலோ கிண்டல்கூட இல்லை. உட்காரச் சொன்னதே இல்லை.

லோரி ஒரு நடை மட்டும் ஓடியவரைக்கும் ஒரு குறையும் இல்லை. இரவெல்லாம் மெதுவாக ஏற்றுவார்கள், காலையில் அம்பாங் வரைக்கும் போய்த் திரும்பும். ஆனால் அம்பாங்கில் ஈயச் சுரங்கத்துச் சீன முதலாளிகளான தவுக்கேமார் வெயில் நேரத்திலும் ஐஸ் கேட்க ஆரம்பித்தார்கள். பழனியப்பனுக்கு மதியம் இன்னொரு நடை வேண்டும். கரண்டு ஏற்றும் பொறுப்பில் இருந்த சிவசம்புவைக் கூப்பிட்டுச் சொன்னார். சிவசம்பு யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு காலத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்தவர், இப்போது கழுத்துப் பட்டையும் கறுப்புக் கோட்டுமாக இஞ்சினியர் என்று நடமாடுகிறவர்.

"அதுக்கென்ன, கெதியா ஏத்தலாம்," என்றார் சிவசம்பு. கைப்பிடியைக் கடைசிவரைக்கும் திருப்பினார். முள் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நாகையா சோற்றுத் தூக்கைக் கழுவி வைப்பதற்குள் பேட்டரி பொங்கிவிட்டது. முதலாளிக்கு முகமெல்லாம் பல்.

அன்று மதியம் அம்பாங் சாலை மேட்டில் லோரி நின்றது. அடுத்த நாளும் நின்றது. நடு வெயிலில், சாக்கு போர்த்திய ஐஸ் பாளங்கள் சொட்டுச் சொட்டாகச் சாலையில் ஓட, நாகையா யார் யாரையோ கெஞ்சித் தள்ளச் சொல்லிக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது பாளத்தில் பாதிதான் இருந்தது. தவுக்கே வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினான்.

பழனியப்பனுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது, அதாவது அவருக்கு எப்படி விளங்க வேண்டுமோ அப்படி. முற்றத்தில் ஆட்கள் முன்னால் நாகையாவை நிறுத்திவைத்துச் சொன்னார்.

"காலையில ஓடுற வண்டி மத்தியானம் மட்டும் ஏன் நிக்குது? அதே வண்டி, அதே பேட்டரி, என் கண்ணு முன்னாலதான் பொங்குது. நீ வழியில ஐஸை வித்துட்டு வண்டி நின்னுருச்சுன்னு கதை விடுற. வெள்ளிக்கிழமை ஒரு நடை பாப்பேன். அன்னிக்கும் நின்னுச்சு, சாவியக் கழட்டி வச்சுட்டுப் போயிரு. ஐஸ் திருடன்னு கிள்ளான் வரைக்கும் சொல்லி வைக்கிறேன். எவன் ஒன்ன வண்டியில ஏத்துறான்னு பாக்குறேன்லா."

உருகிப் போனதற்குச் சாட்சி கிடையாது. அதுதான் நாகையாவின் வாயை அடைத்தது. விற்ற ஐஸும் இல்லை, உருகிய ஐஸும் இல்லை, இரண்டும் ஒரே மாதிரிதான் இல்லாமல் இருக்கின்றன.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தவரிடம் இராஜம்மா விஷயத்தைப் பிடுங்கினாள். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி போட்டாள்.

"வித்தீங்களாப்பா?"

நாகையா நிமிர்ந்து பார்த்தார். "நீயுமா?"

"கேக்கணும்ல. வித்திருந்தா ஒரு வேலை, விக்கலன்னா வேற வேலை."

"விக்கல."

"சரி. ஏத்தும்போது முள்ளு எங்க நிக்கிது?"

"வலது கோடியில. இடிச்சுக்கிட்டு."

"பொங்க ஆரம்பிச்ச பிறகு?"

"அங்கனேதான். பொங்கினதும் எடுத்துருவாங்க. நெறஞ்சதுதானே?"

இராஜம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் முற்றும்போது அவளுக்கு வருகிற சிரிப்பு அது. "நெறையலப்பா. பாதிகூட நெறஞ்சிருக்காது. நீங்க ரயில்வேயில இருந்தவர்தானே. கிள்ளான் ரயில் காலியா வந்து நிக்குது. மூணாங்கிளாஸ் பெட்டி. எவ்வளவு கூட்டம் முண்டினாலும் மொதல்ல உள்ள போயிருமா இல்லியா?"

"போயிரும்."

"போனவன் உள்ள நகந்து எடம் விட்டாத்தான் அடுத்தவன் ஏற முடியும். நகர நேரம் குடுக்காம அதே வேகத்துல முண்டிக்கிட்டே இருந்தா?"

"வாசல்ல அடைச்சுக்கும். நாலு பேரு கீழ விழுவான்."

"உள்ள?"

நாகையா கொஞ்சம் யோசித்தார். "உள்ள பெஞ்சு காலியாத்தான் கெடக்கும். எத்தன தடவ பாத்திருக்கேன்."

"கீழ விழுறான் பாருங்க, அவனைத்தான் நீங்கள்லாம் பொங்குதுன்னு கும்புடுறீங்க. பேட்டரிக்குள்ள போக முடியாத கரண்டு தண்ணிய ஒடைச்சுக் காத்தாக்கி வெளிய அனுப்புது. முண்டின வேகத்துல சீக்கிரம் பொங்குது. பொங்கினதும் நெறஞ்சுதுன்னு நிறுத்துறாங்க. ராத்திரி மெதுவா ஏத்தினா கடைசிப் பெஞ்சு வரைக்கும் ஆள் ஒக்காருது, அதனால காலையில ஓடுது. இதுல திருட்டு எங்க வந்துச்சு?"

"இத நீ சொன்னா அவங்க கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க. அதனாலதான் நேர்ல வரேன்."

"வேணாம்மா. பொம்பளப் புள்ள ஆலைக்குள்ள வந்து நின்னா நாலு பேரு நாலு விதமா..."

"இப்ப ஒரே விதமாத்தானே பேசுறாங்க, திருடன்னு. அதுக்கு நாலு விதம் தேவலை."

வெள்ளிக்கிழமை மதியம் நல்ல மழை. இராஜம்மா அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தவளாகப் பின்கட்டுக்குள் நுழைந்துவிட்டாள். வழக்கமாக லோரியை முற்றத்தில் நிறுத்தித்தான் முதலாளி வெள்ளிக்கிழமைச் சூடம் காட்டுவார். இரண்டாம் நடை வந்தபிறகு அதற்கு நேரமில்லை, மழை வேறு. பொங்கும்போதே அறைக்குள் காட்டிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். சாரல் அடிக்காமல் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். பேட்டரிப் பெட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே ஏகமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. மூக்கை அரிக்கும் அமில வாடை. பழனியப்பன் தட்டில் சூடத்தை வைத்துக்கொண்டு தீப்பெட்டியைத் திறந்தார். நாகையா வாசலில் கைகட்டி நின்றார். ஐஸ் தூக்குகிற ஆட்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

இராஜம்மா நேரே போய் முதலாளி கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கினாள்.

பழனியப்பன், "யாரு இது?" என்றார், தட்டைப் பார்த்து.

"நாகையான்ர மகள்," என்றார் சிவசம்பு. "மதராசிலை படிச்சதெண்டு சொல்லுவினம். பிள்ளை, இது பொம்பிளையள் வாற இடமில்லை. வெளியாலை போம்."

"இந்தக் குமிழ்ல இருந்து வர்ற காத்து தீப்பிடிக்கும் சார். ஜன்னலையும் சாத்தி வச்சிருக்கீங்க. சூடம் கொளுத்தினா பேட்டரியும் இருக்காது, முதலாளி மீசையும் இருக்காது."

வாசலில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டான்.

"பொங்குறது கெட்டதுன்னு வெள்ளிக்கிழமையும் அதுவுமா வந்து சொல்லுது பாரு," என்றார் பழனியப்பன். "நாகையா, ஒன் மகளை இழுத்துக்கிட்டுப் போ."

நாகையா அசையவில்லை. போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை.

இராஜம்மா ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள். சாரல் உள்ளே அடித்தது. பேட்டரிப் பெட்டியின் முன்பக்கம் குனிந்தாள். அங்கே ஒரு பித்தளைத் தகடு அடித்திருந்தது. பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் அந்த லோரியில் இல்லை என்பதால் வாராவாரம் சந்தனமும் குங்குமமும் அப்பி, அது சுவாமி படம் மாதிரி ஆகியிருந்தது. முந்தானையை நனைத்து அழுத்தித் துடைத்தாள். "ஐயையோ, குங்குமத்தை அழிக்குது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் நிறுத்தவில்லை.

"சிவசம்பு சார், நீங்கதான் இங்கிலீஷ் படிச்சவர். முதலாளிக்கு வாசிச்சுச் சொல்லுங்க."

சிவசம்பு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். வாசிக்காமல் இருக்க வழியில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தொடங்கேக்கை நாப்பது ஆம்பியர். முடிக்கேக்கை..." நிறுத்தினார்.

"முடிக்கேக்கை?"

"பன்னிரண்டு."

"நீங்க எவ்வளவுல முடிக்கிறீங்க?"

"அது அவங்கட ஊர்க் குளிருக்கு எழுதினது பிள்ளை. இஞ்சத்தைய வெக்கைக்குப் பேட்டரி கெதியாக் குடிக்கும்."

"வெக்கையில இன்னும் கொறைக்கணும் சார். உள்ள இருக்கிற ஈயத் தகடு வளைஞ்சு போகும்."

"ஃபியூஸ் போகேல்லையே?" சிவசம்புவுக்குக் குரல் ஏறிவிட்டது. "ஃபியூஸ் போகாத மட்டும் எல்லாம் அளவுக்குள்ளைதான் இருக்குது. நான் இந்தத் தொழிலை நேற்றுத் தொடங்கினவனில்லை."

"ஃபியூஸ் உங்க கம்பியைக் காப்பாத்துது சார். கம்பி தாங்குற அளவு வேற, பேட்டரி வாங்குற அளவு வேற. டைனமோவால குடுக்க முடியுதுங்கிறதுக்காகப் பேட்டரியால வாங்க முடியும்னு ஆயிடாது. அதுவும் காலியா இருக்கிறப்ப வாங்குறது ஒரு அளவு, நெறைய நெறைய வாங்குறது வேற அளவு. கைப்பிடி எதுக்கு வச்சிருக்கான்? ஒரு தடவை திருப்பிட்டு நாற்காலில ஒக்கார்றதுக்கா?"

"போதும்லா," என்றார் பழனியப்பன். "நாப்பதாம், பன்னெண்டாம். எனக்கு ஒரே கணக்கு. என் கண்ணால பொங்குறதப் பாக்குறேன். நெறையாமலா பொங்கும்?"

இராஜம்மா அவரைப் பார்த்தாள். இந்த ஆளிடம் இனி வாயால் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் புனலும் அதன் ரப்பர்க் குழாயும் ஆணியில் தொங்கின. ஆட்கள் கை கழுவும் சோப்புத் துண்டும் எனாமல் குவளையும் குழாயடியில் இருந்தன. குவளையில் சோப்பைக் கரைத்தாள். புனலைக் கவிழ்த்துப் பேட்டரியின் ஒரு வாயில் அழுத்திப் பிடித்து, குழாயின் நுனியைச் சோப்புத் தண்ணீருக்குள் விட்டாள். குவளையில் நுரை எழும்பியது. பொல பொலவென்று விளிம்பைத் தாண்டி ஏறியது.

"இதுதானே உங்க பொங்கல்? எல்லாரும் பாத்துக்குங்க. முதலாளி, நீங்களும் வாங்க."

குவளையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசிக்குப் போய்த் தரையில் வைத்தாள். தட்டிலிருந்த சூடக் கட்டியில் ஒன்றை எடுத்து ஒட்டடைக் கம்பின் நுனியில் செருகிக் கொளுத்தினாள். கை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நுரையில் வைத்தாள்.

துப்பாக்கி வெடித்த சத்தம். குவளை எகிறிப் போய் முற்றத்து மழையில் விழுந்து உருண்டது. கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. பழனியப்பன் தட்டைக் கீழே போட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிவசம்பு எப்போது கதவுக்குப் பின்னால் போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

"ஒரு குவளை நுரைக்கே இப்படி," என்றாள் இராஜம்மா. அவளுக்கும் காது அடைத்திருந்தது, அதனால் குரல் சற்றுக் கூடவே வந்தது. "ரூம் நெறைய இருந்துச்சு, கொஞ்ச முன்னாடி. அது போகட்டும். இவ்வளவு வேகம் அந்தக் காத்துல எங்கேருந்து வந்துச்சு முதலாளி? நீங்க டைனமோவுல குடுத்த கரண்டு. அம்பாங் மேட்டுல வண்டியை ஏத்தியிருக்க வேண்டிய கரண்டு. ஒங்க ஐஸை எங்கப்பா விக்கல. இப்ப வெடிச்சுதே, தெனமும் அதைத்தான் வெளிய அனுப்பிட்டு, பாதி வயித்தோட வண்டிய எங்கப்பாகிட்ட குடுத்தீங்க."

உள்ளே போனாள். பலகையிலிருந்த சுவிட்சை மேலே தள்ளி நிறுத்தினாள். டைனமோ முனகிக்கொண்டே அடங்கியது.

பழனியப்பன் மெதுவாக அறை வாசலுக்கு வந்தார். குரல் இறங்கியிருந்தது. அவர் முட்டாள் இல்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புகிறவர், இப்போது பார்த்துவிட்டார்.

"சரி, அப்ப ரெண்டாவது நடை?"

"இந்தப் பேட்டரியில கெடையாது. வேணும்னா இன்னொரு பெட்டி பேட்டரி வாங்குங்க. ஒண்ணு ஓடட்டும், ஒண்ணு இங்க மெதுவா ஏறட்டும். மாத்தி மாத்திப் போடலாம்."

"நாளைக்குக் காலையில துவான் வீட்டுக்கெல்லாம் போகணும். சுவிட்சைப் போடு."

இராஜம்மா சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"சிவசம்பு, நீராவது போடும்."

"நான் தொடமாட்டன்," என்றார் சிவசம்பு கதவருகிலிருந்து. "எனக்குப் பிள்ளையள் இருக்குது."

பழனியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாகையாவைப் பார்த்து, பெரிய மனது பண்ணுகிற குரலில் சொன்னார். "போகுது விடு. மன்னிச்சுட்டேன். நீயே வண்டிய ஓட்டு."

இராஜம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் நாகையா பேசினார். கட்டியிருந்த கையை அவிழ்த்திருந்தார்.

"எதுக்கு மன்னிச்சீங்க முதலாளி?"

"என்னது?"

"நான் என்ன செஞ்சேன்னு மன்னிச்சீங்க? செஞ்சவனைத்தானே மன்னிக்கணும்."

"அட, அதான் ஓட்டச் சொல்லிட்டேன்ல. வேற என்ன வேணும்?"

"என்னைத் திருடன்னு இந்த முற்றத்துல வச்சுத்தான் சொன்னீங்க. இவனுங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு நின்னானுங்க." நாகையா திரும்பி ஆட்களைக் காட்டினார். பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். "திருடலன்னும் இங்கயே சொல்லுங்க."

"கூலிக்காரன்கிட்ட முதலாளி போய்..." என்று ஆரம்பித்த பழனியப்பன், கருங்கல் பலகையைப் பார்த்தார். முள் இடது ஓரத்தில் அசையாமல் படுத்திருந்தது. ஆலை முன்பக்கத்தில் அம்பாங்குக்குப் போக வேண்டிய பாளங்கள் சாக்குக்குள் ஏற்கனவே சொட்டத் தொடங்கியிருக்கும்.

"எடுக்கலலா," என்றார் தோளைப் பார்த்துக்கொண்டு.

"யாரு எடுக்கல?" என்றாள் இராஜம்மா. "எதை எடுக்கல?"

"ஏய், நீ பேசாத."

"நான் பேசல. சுவிட்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

மறுபடியும் அந்த இருமல் வாசலில் கேட்டது. இந்தத் தடவை அது இருமல் என்று யாரும் பாசாங்கு பண்ணவில்லை. பழனியப்பனுக்குக் காது மடல்வரை சிவந்தது. ஆட்கள் பக்கமே திரும்பி, பாசார்ச் சந்தையில் விலை கூவுகிறவர் மாதிரி ஒரே மூச்சில் சொன்னார்.

"நாகையா ஐஸ் திருடல. வண்டிதான் நின்னுச்சு. வண்டி நின்னதுக்கு அவன் காரணமில்ல. போதுமா?"

"யாரு காரணம்?" என்று இராஜம்மா கேட்கப் போனாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவருக்குப் போதும். அவளுக்குப் போதாது, ஆனால் இது அவர் பெயர்.

கைப்பிடியை இடதுபக்கம் நன்றாகத் திருப்பிவைத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். டைனமோ எழுந்தது. முள் மெல்ல நகர்ந்து பன்னிரண்டில் நின்றது. பேட்டரிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வந்தது. "நாளைக்குக் காலைவரைக்கும் இதைத் தொடாதீங்க. ஜன்னலையும் சாத்தாதீங்க," என்றாள், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

"இதைப் பாத்துக்கிறதுக்குச் சம்பளம் கிம்பளம்னு நீ வந்து நிக்காத," என்றார் பழனியப்பன்.

"கேக்கல. கேட்டா இப்படி ஓரமா நின்னு கேக்க மாட்டேன். முன்வாசல் வழியா வந்து நாற்காலில ஒக்காந்துதான் கேப்பேன்."

மழை விட்டது. அம்பாங்குக்கு அன்றைக்கு ஐஸ் மாட்டு வண்டியில் போனது. நாகையா பாளங்களின் மேல் சாக்கை இழுத்துப் போர்த்திவிட்டு வண்டிக்காரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தான் திருடவில்லை, வண்டிதான் நின்றது என்பதைத் தவுக்கேயிடமும் அவரே தம் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.